ரூம் புக்கிங் பாரத்துக்கு நான் சொன்ன விதிகள்

லாட்ஜ் மேசையில் உட்காருகிறவனுக்கு முதுகெலும்பு தேய்வதற்கு முன்னாலேயே மனிதர்மேல் உள்ள நம்பிக்கை தேய்ந்துவிடும். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற உங்களுக்கெல்லாம் இது தெரிந்ததுதான். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். குற்றாலத்தில் ஒரே லாட்ஜில் இருபத்தாறு வருஷமாக ரிஜிஸ்டர் எழுதுகிறேன். போன சீசனுக்கு முன்னால், இன்டர்நெட்டில் ரூம் பதிய ஒரு பாரம் வேண்டும் என்றார் முதலாளி. செய்தவள் இலத்தூர்ப் பெண் முத்துமாரி. தென்காசியில் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிற வேலை. பெயரைக் காலியாக விடாதே, போன் நம்பருக்குப் பத்து இலக்கம் போடு என்கிற பொது விதிகள் அதில் ஆயத்தமாகவே கிடைக்குமாம். எங்கள் லாட்ஜுக்கே உரிய விதிகளை நான் சொல்லச் சொல்ல அவள் தனியாக எழுதவேண்டும். முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "தப்பான ஆளு உள்ள வந்தா அந்தப் பிள்ளைய ஒண்ணும் கேக்க மாட்டேன். நீரு வீட்டுக்குப் போயிரும்வே."

வேனில் வந்த நாலு பேர்

ஒரு ரூமுக்கு நாலு பேர். அதற்குமேல் போட்டால் பாரம் ஏற்காது. ஆலங்குளத்துக்காரர் ஒருவர் நாலு என்று போட்டுவிட்டு வேனிலிருந்து பதினேழு பேரை இறக்கினார். அரிசி மூட்டையும் அண்டாவும் கூடவே இறங்கின. 'வண்டி வேன் என்றால் இரண்டு ரூமுக்குக் குறைந்து ஏற்காதே' என்று ஒரு விதி சொன்னேன். இரண்டு கட்டங்களைச் சேர்த்துப் பார்க்கிற விதி, கஷ்டம் என்று சொல்லி இரண்டு நாளில் எழுதினாள்.

அடுத்த வாரம் அதே ஆள், அதே வேன், பாரத்தில் மட்டும் கார். வண்டியைக் காட்டிக் கேட்டேன்.

"வேன்னு போட்டா ரெண்டு ரூம் கேக்குதுல்லா அண்ணாச்சி, அதான் கார்ல வந்துட்டோம்."

குளித்துவிட்டுப் போகிறவர்கள்

காலையில் வந்து அருவியில் குளித்து, சாப்பிட்டு, சாயங்காலம் கிளம்புகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். வருகிற நாளும் காலி செய்கிற நாளும் ஒன்றே. இதைக்கூடவா சொல்லவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் 'காலி செய்யும் நாள் வருகிற நாளுக்குப் பிந்தித்தான் இருக்கவேண்டும்' என்று எழுதிவிட்டாள்.

சாரல் விழுந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் பாதி ரூம் பூட்டிக் கிடந்தது. எதிர் லாட்ஜ் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. முதலாளி எல்லார் முன்னாலும் என்னைத்தான் ஏசினார். திங்கட்கிழமை அவள் ஒரே ஒரு வரியை மாற்றினாள். நான் சத்தம் போட்டதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

"நீங்க வாயத் தொறந்து சொல்லாதது ஜாவாக்கு எப்படி மாமா தெரியும்?"

தனி ஆள்

கேட்காமலே நான் சொன்ன விதி ஒன்று உண்டு: ஒற்றை ஆளுக்கு ரூம் இல்லை. ஏன் என்று முத்துமாரி கேட்டாள். நான் சொல்லவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தனியாக வந்த ஒருவருக்குச் சாவி கொடுத்தேன். மறுநாள் உள்ளே தாழ் போட்டிருந்த கதவை உடைக்கவேண்டியதாகிவிட்டது. மூன்று நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வந்த முதலாளி என் முகத்தையே பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். இந்த ஆளாப் பாத்துச் சாவியத் தூக்கிக் குடுத்திருக்காரு."

ஆடி அமாவாசை

அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம் புளியறையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பாரத்தில் இரண்டு பேர், நின்றது ஒருவர். வீட்டுக்காரம்மா எங்கே என்று கேட்டேன். பையைத் திறந்து காட்டினார். எள்ளும் தர்ப்பையும் ஒரு செம்பும் இருந்தன. திருப்பி அனுப்பினால் என் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒற்றை ஆளாக நிற்கிற அவருக்கு வேறு எந்த லாட்ஜும் கதவு திறக்காது. சாவியைக் கொடுத்தேன். ரிப்பேர் என்று சொல்லி, உள் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றி என் மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன்.

காலையில் அருவிக்கரையில் திதி கொடுத்துவிட்டு, ஈர வேட்டியோடு வந்து சாவியை வைத்தார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. வந்ததும் கோபம். எதற்காக ஐயா இரண்டு பேர் என்று பொய் போட்டீர் என்றேன்.

"ஒண்ணுன்னுதான் போட்டேன், செவப்பாக் காட்டி விடமாட்டேன்னுட்டுது. ரெண்டுன்னு போட்டேன், கூட வாறவ பேரு என்னன்னு கேட்டுது. அவ பேரையே போட்டுட்டேன் அண்ணாச்சி."

விதி எழுத முத்துமாரி இருக்கிறாள், பொய் எழுத வாடிக்கையாளர் இருக்கிறார். சாவியைக் கொடுத்துவிட்டு அது திரும்பி வருகிறவரை பயந்து கிடப்பதற்கு மட்டும்தான் என்னை இன்னும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.