தகப்பன் பெயர் என்ற கட்டம்

அறுபதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் குமாஸ்தா. வேலை நிரந்தரமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கையெழுத்து அழகு என்று நாலு பேர் சொன்னதில் தலைக்கனம் மட்டும் ஏறியிருந்தது.

கண்டமங்கலம் போகிற சாலையில் பக்கீர்கள் வாழும் தைக்கா ஒன்று இருந்தது. கோட்டக்குப்பத்து முஸ்லிம் வியாபாரிகளும் திருவாமாத்தூர்க் கோயிலுக்குப் போகிறவர்களும் அங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்கு உரிமையுள்ளவர் யார் என்று விசாரித்து எழுதிவர என்னை அனுப்பினார்கள். யாரும் இல்லையென்றால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்.

வயதான பக்கீர் ஒருவர் பாய் விரித்து உட்காரவைத்தார்.

“பாவா, உங்க தகப்பனார் பேரு?”

அவர் தம் குருவின் பெயரைச் சொன்னார். பிறகு அந்தக் குருவின் குரு, அவருக்கும் குரு என்று கண்ணை மூடிக்கொண்டு பதினொரு பெயர்கள். நான் ஒரு தாளில் குறித்துக்கொள்வதுபோல் பாவனை செய்தேன்.

“அத்தினி பேரும் இங்க பின்னாலதான் அடங்கிக்கிறாங்க. எங்களுக்கு இதாங்க வம்சம். புள்ளைக்கு வர்றதில்ல, சீடனுக்குத்தான் வரும்” என்றார்.

எனக்குத் தெரியாத சங்கதியா இது? எங்கள் பக்கத்து மடங்களிலும் சீடர்தானே பட்டத்துக்கு வருகிறார். மடமாக இருந்தால் மறுபேச்சில்லாமல் எழுதியிருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மேலதிகாரி திட்டுவார் என்பதெல்லாம் பின்னால் நானே சொல்லிக்கொண்ட சாக்கு. பக்கீர்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற இளக்காரம்தான் உண்மை. ‘தகப்பன் பெயர் தெரியவில்லை. வாரிசு இல்லை’ என்று படிவத்தில் முத்து முத்தாக எழுதினேன்.

படிக்கத் தெரியாத அந்த மனிதர் அதன் கீழே பெருவிரல் ரேகை வைத்தார். கிளம்பும்போது வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வழியெல்லாம் அந்தக் கடலையைத் தின்றுகொண்டே வந்தேன்.

மூன்று மாதம் கழித்து உத்தரவு போயிற்று. படித்துச் சொல்லச் சொல்லி அதைப் பக்கீர் என்னிடமே எடுத்து வந்தார்.

“பதினஞ்சு நாளைக்குள்ள காலி பண்ணணுமாம் பாவா.”

காரணம் சொன்ன வரியை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டேன். வெட்கங்கெட்டவன்.

அவர் உத்தரவை வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க அத்தினி பேரையும் எழுதிக்கினு போனீங்களே சார். மேல இருக்கறவங்களுக்குத்தான் புரியல போலக்குது. நீங்க மனசு ஒடைஞ்சு போவாதீங்க.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.