மேல்பக்கம் நின்று அளந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, வவுனியா அலுவலகத்தில் ஒரு வரைபடத்தை விரித்து வைத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. ரஞ்சனி அக்காவின் தம்பி. "மிஸ், அக்கா தவறிட்டாங்க. ஒங்களுக்குச் சொல்லியாச்சான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். நோயென்று தெரியும், இவ்வளவு முற்றியிருந்தது என்று தெரியாது. அக்கா சொல்லவில்லை. தன் கஷ்டத்தைச் சொல்லும் பழக்கமே அவரிடம் இருந்ததில்லை.

மேரி ரஞ்சனியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில், கொழுந்தெடுக்கும் தாய்க்குப் பிறந்தவர். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் ஏழு வருடம் படிப்பித்துவிட்டு, இருபத்தொன்பதாம் வயதில் வனவியல் டிப்ளோமாவுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வகுப்பில் அவரே மூத்தவர். களப்பயிற்சிக்கு இருவர் இருவராகப் பிரித்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு அவர் சோடியாக வாய்த்தார். வலப்பனைக்கு மேலே ஒரு பைன் காட்டில் மரங்களை அளப்பது எங்கள் வேலை.

தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைப் பெரட்டு என்பார்கள். அக்கா எங்களுக்கும் பெரட்டு வைத்தார். நாங்கள் இரண்டே பேர்தான், ஆனாலும் மலையடிவாரத்தில் நிமிர்ந்து நின்று, "யாழ்ப்பாணம் ஒரு ஆளு!" என்று கூப்பிடுவார். நான் "வந்தாச்சு!" என்று சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினாலும், "பெரட்டு கலைஞ்சிருச்சு, லயத்துக்குத் திரும்பிப் போ தங்கச்சி" என்பார். பிறகு தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தருவார். அட்டை கடிக்காமலிருக்க என் காலுறைக்குச் சவர்க்காரம் பூசி விட்டவரும் அவர்தான்.

மரத்தை நெஞ்சளவு உயரத்தில் நாடா பிடித்து அளக்க வேண்டும். நாடா என் கையில், கொப்பி அவர் கையில். முதல் நாளே அவர் கேட்டார்: "சரிவுல மேப்பக்கம் நின்னுல்ல அளக்கணும்? நீ கீழ நிக்கிறியே?"

எனக்கு வகுப்பில் முதலிடம் என்ற தலைக்கனம். "மரத்துக்கு என்னக்கா மேல்பக்கம் கீழ்ப்பக்கம்? எங்கட ஊரில எல்லாப் பக்கமும் ஒண்டுதான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு எழுதத் தொடங்கினார். எங்கள் ஊரில் நிலம் தட்டை. சரிவில் கீழ்ப்பக்கம் நின்றால், நெஞ்சளவு மரத்தின் பருத்த அடிப்பகுதியில் விழும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. மூன்று வாரம் ஒவ்வொரு மரத்தையும் இருப்பதைவிடப் பருமனாக்கினேன்.

பயிற்சி முடியும் வாரம் அடைமழை. விடுதியில் முடங்கிக் கிடந்த அக்கா, கையேட்டைப் புரட்டி, மேல்பக்கம் நின்றே அளக்க வேண்டும் என்ற விதியைக் கண்டுபிடித்துவிட்டார். பயிற்சி முடித்த கடிதம் இருந்தால்தான் அடுத்த வாரம் அரச வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போக முடியும். இருவரும் அதற்குத்தான் காத்திருந்தோம். பிழையைச் சொன்னால் கடிதம் பிந்தும். "ஒருத்தருக்கும் தெரியாது, விடுங்கோ அக்கா" என்றேன். சொன்னதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"அந்தக் காட்டுக்குக் கீழ லயம் இருக்கே, பாத்தியா?" என்றார். "நம்ம கணக்க நம்பிக் கூடுதலா வெட்டிருவாங்க. அப்பறம் மழைக்கு மண்ணு எங்க வந்து விழும்?"

மறுநாள் அதிகாரியிடம் போனோம். யார் பிழை என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா, தவறு தன்னுடையது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். பிழை விட்டவர் நின்று அளந்து முடிக்கட்டும், மற்றவர் போகலாம் என்றார் அதிகாரி. எனக்குக் கடிதம் கிடைத்தது. வெளியே வந்து ஏன் என்று கேட்டேன். "எழுதுனது நான்தானே. தப்புன்னு தோணியும் எழுதுனேன்ல? நீ போ, பஸ் போயிரும்." நான் போனேன். போயிருக்கக் கூடாது.

எனக்கு அந்த வருடமே வேலை. அவர் ஒரு கூலியாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு முழுக் காட்டையும் மறுபடி அளந்தார், தேர்வுக்குப் போகவில்லை. இரண்டு வருடம் திரும்பவும் பாலர் பாடசாலை. பிறகுதான் கள உத்தியோகத்தரானார். வருடாவருடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களைப் பொறுப்பெடுத்தார். என்னோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் சிரிப்புத்தான். அந்தப் பேச்சை நான் எடுத்தால், "வேற கத சொல்லு யாழ்ப்பாணம்" என்பார். உண்மையை அந்த அதிகாரிக்கு எழுத எத்தனையோ முறை நினைத்தேன். எழுதவில்லை.

பிரேத வீட்டில் சேற்றுச் சப்பாத்தோடு மூன்று மாணவிகள் நின்றார்கள். அவரிடம் கடைசியாகப் பயிற்சி பெற்றவர்கள். நான் யாரென்று தெரிந்ததும் ஒருத்தி, "மிஸ், நீங்கதானே யாழ்ப்பாணம்?" என்றாள். "மொத நாளே சொல்லிருவாங்க. கீழ்ப்பக்கம் நின்னு அளந்து, மூணு வாரத்து வேலைய நான் கெடுத்துட்டேன், என்னைய மாதிரி செய்யாதீங்கன்னு. நீங்க ரொம்பக் கெட்டிக்காரின்னும் சொல்லுவாங்க."

பத்து வருடமாக என் பிழையைத் தன் பிழையாகவே சொல்லிப் படிப்பித்திருக்கிறார். அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில், அவருடைய அம்மாவும் கேட்கும்படி சொன்னேன்: "இல்லைப் பிள்ளையள். நாடா பிடிச்சது நான். கீழ்ப்பக்கம் நிண்டது நான். அக்கா அண்டைக்கே கேட்டவ, நான்தான் கேக்கேல்ல."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தோட்டத்து மயானமும் சரிவில்தான். செபம் முடிந்து, எல்லோரும் பாதையோரமாகக் கீழ்ப்பக்கம் நின்று மண் போட்டார்கள். நான் வழுக்கி வழுக்கி ஏறி மேல்பக்கம் போனேன். அந்த மூன்று மாணவிகளும் என் பின்னால் ஏறி வந்தார்கள். ஒரு பிடி மண் எடுத்தேன்.

யாழ்ப்பாணம் ஒரு ஆள் வந்தாச்சு, அக்கா. நல்லாப் பிந்தித்தான் வந்தேன். பெரட்டைக் கலைக்காதேங்கோ.