பாப்பா போட்ட சதுரங்கள்

அலுவலகத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் இரண்டு பேராவது யோசிப்பார்கள். கொக்கியக்கா என்றால் வாசற்காவலர்கூட நேராகப் பதிவறைக்கு வழி காட்டிவிடுவார். குடிநீர் அலுவலகத்தின் பழைய கோப்புகளுக்கு எண் போட்டு அடுக்குவது அவள் வேலை. கைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் குரோஷா ஊசியால் வந்தது அந்தப் பெயர். அதன் வளைந்த நுனி நூலை இழுத்து இழுத்துக் கண்ணியாக்கும் வேகத்தைப் பார்த்தால், ஊசி தானாக ஓடுகிறது, அவள் சும்மா கூடப் போகிறாள் என்றுதான் தோன்றும்.

காலத்துக்கு ஏற்ற நூல், காலத்துக்கு ஏற்ற நிறம் என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. வெயில் காலத்தில் பருத்தி நூல். எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை. காற்றுக் காலத்தில் துருவும் செங்கல்லும். மழை பிடித்துவிட்டால் ஆரஞ்சும் ராணிக் கலரும். வெளியேதான் எல்லாம் சாம்பலாகக் கிடக்கிறதே, உள்ளேயாவது பளிச்சென்று இருக்கட்டும் என்பாள். பனிக்குக் கம்பளி நூல், மயில் நீலம். டிவி ரிமோட்டுக்குச் சட்டை, தண்ணீர்ப் பாட்டிலுக்குச் சட்டை என்று போய்க் கடைசியில் கேஸ் சிலிண்டருக்கும் ஒரு பாவாடை வந்து சேர்ந்தது.

அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சொன்னார்: "இனிமே நான் ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்புல உக்கார மாட்டேன்மா. பயமா இருக்கு."

இத்தனைக்கும் நடுவில் அவள் ஆசை ஆசையாக எடுத்த வேலை ஒரு போர்வை. நான்கு காலத்துக்கும் இருபது இருபதாக எண்பது சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியாகப் பின்னி, கடைசியில் ஓரத்தோடு ஓரம் சேர்க்க வேண்டும். வெயிலும் காற்றும் முடிந்து நாற்பது சதுரங்கள் சேர்ந்திருந்த சமயத்தில்தான் நாத்தனார் கையை உடைத்துக்கொண்டாள்.

நாத்தனாரை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுவார்கள். நாற்பத்தொரு வயதுப் பாப்பா. இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். பேக்கரியில் அடுப்பு அவள் பொறுப்பு. கொதிக்கும் தட்டுகளை இரண்டு கையாலும் வெளியே இழுத்துத் தோள் உயரத்து அலமாரியில் ஏற்ற வேண்டும். பதினாறு வருடமாக அதைச் செய்தவள், மாவு சிந்தியிருந்த தரையில் வழுக்கி வலது மணிக்கட்டில் விழுந்தாள். ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரித்தபோது எலும்பு சேர்ந்திருந்தது. விரல்கள் மட்டும் முழுதாக மடங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மா கறாரானவர். "வீட்ல ஏதாவது பின்னுங்க. விரலுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. பின்னினதை வாராவாரம் எடுத்துட்டு வாங்க, நான் பாக்கணும்" என்று அனுப்பிவிட்டார்.

பாப்பா நேராக அண்ணி வீட்டுக்கு வந்தாள். "அண்ணி, மழைக்கும் பனிக்கும் உள்ள சதுரத்தை நான் போட்டுத் தர்றேன். என் கைக்கும் ஆச்சு, உங்க போர்வைக்கும் ஆச்சு."

கொக்கியக்காவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நூலையும் ஊசியையும் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து மூன்று சதுரங்கள் வந்தன. ஒன்று கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. இன்னொன்றின் ஓரம் காது மாதிரி மடங்கியிருந்தது. மூன்றாவதில் விரலை விட்டால் கண்ணி வழியாக விரல் மறுபக்கம் வந்தது.

"எப்படி அண்ணி?"

"நல்லா இருக்கு பாப்பா."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், பதிவறையின் கடைசி அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த மூன்றையும் எடுத்துப் பார்த்தாள். நூலின் முனையைப் பிடித்து ஒரு இழு. ஒரு வாரத்து வேலை, தயிர்சாதம் தீர்வதற்குள் மடியில் நெளிநெளியாகக் குவிந்துவிட்டது. நூலை நனைத்துக் காய வைத்து, நெளிவு போனதும் அதே நிறத்தில் அதே மூன்று சதுரங்களைத் தானே போட்டாள். பின்ன ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த முறை பாப்பா வந்தபோது அவற்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நான் போட்டதா?"

"நனைச்சு, நாலு மூலையும் இழுத்து, குண்டூசி குத்திக் காய வச்சேன். அப்படிச் செஞ்சா எந்தக் கோணலும் நேராயிடும்."

ஊசி பிடித்த எவளும் சட்டென்று மறுக்க முடியாத பொய் அது. நனைத்துக் குத்தினால் கொஞ்சம் நேராகும் என்பது உண்மைதான். கிண்ணம் தட்டாகாது என்பதும் உண்மை. அந்த இரண்டாவது உண்மை புதிதாகப் பின்னுகிறவளுக்குத் தெரியாது.

"இதையே பிசியோ மேடத்துக்குக் காட்டுறேன்" என்று பாப்பா மூன்றையும் எடுத்துக்கொண்டாள். கொக்கியக்கா வாயைத் திறந்தாள். பிறகு, ஒரு தடவைதானே என்று மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு தடவை பதினைந்து வாரம் ஓடியது. பாப்பா புதிதாகப் போட்டதைக் கொண்டுவந்து கொடுப்பாள். 'காய வைத்ததை' ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவாள். பின்பக்கக் கொடியில் துணிகளுக்கு நடுவே ராணிக் கலர் நூல் ஈரமாகத் தொங்கியபோது வீட்டுக்காரர், "இதென்ன, நூலையும் குளிப்பாட்ட ஆரம்பிச்சிட்டியா?" என்றார். "அழுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவளுக்கு அன்றைக்கு முழுவதும் அந்தச் சொல் நாக்கை விட்டுப் போகவில்லை.

பனி இறங்கியது. நாற்பதாவது சதுரமும் போய்வந்த அன்று பாப்பா பேருந்து நிறுத்தத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அண்ணி, மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? பிடியை அளக்குற மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்காம். ஆனா இந்தப் பின்னலே போதும், இவ்ளோ சீரா வந்தா கை சரியாயிடுச்சுன்னு அர்த்தம்னு சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை பத்து மணிக்குப் போனா எழுதித் தந்துடுவாங்க. மத்தியானமே அடுப்புக்குப் போயிடுவேன்."

கொக்கியக்கா டீயை நீட்டினாள். பாப்பா வலது கையை நீட்டினாள். பாதியில் மடக்கிக்கொண்டு இடது கையால் வாங்கினாள். யாரும் கவனிக்காத மாதிரி நடந்துவிட்டது. கொக்கியக்கா கவனித்தாள்.

"இன்னும் வலிக்குதா பாப்பா?"

"மரத்துப்போகுது. காலையில சட்டைப் பொத்தானே போட வரல. ஆனா சதுரம் நல்லா வருது பாருங்க. அப்ப கை சரியாத்தானே இருக்கணும்? பயந்துபோய்க் கிடக்கிறது என் மனசுதான்னு நினைக்கிறேன். அடுப்பு முன்னாடி நின்னா எல்லாம் சரியாயிடும்."

கை உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பாப்பா அதை நம்பாமல் அண்ணியின் சதுரங்களை நம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் போயேன்."

"ஏன் அண்ணி, என்னைப் பாத்தா உங்களுக்கு வேலைக்குப் போறவளாத் தெரியலையா? வீட்டுச் சுவத்தையே பாத்துப் பாத்து, எதுல எத்தனை விரிசல்னு மனப்பாடமாச் சொல்லுவேன். கேக்குறீங்களா?"

சனியும் ஞாயிறும் கொக்கியக்கா ஊசியைத் தொடவில்லை. வீட்டுக்காரர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் எல்லாம் இல்லையே" என்றார் சந்தேகமாக. இரண்டு தெருதான் தூரம். இரண்டு முறை செருப்பைப் போட்டாள், இரண்டு முறை கழற்றினாள். என்னவென்று சொல்வது? உன் கோணல் என் கண்ணை உறுத்தியது என்றா? போர்வை அழகாக வர வேண்டுமென்று உன் கையைப் பொய்யாக்கிவிட்டேன் என்றா? கண்ணை மூடினால் கனன்ற தட்டு ஒன்று பாப்பாவின் வலது பக்கமாகச் சரிந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பாப்பாவோடு கிளம்பினாள். "நீங்க எதுக்கு அண்ணி? நான் என்ன கல்யாணத்துக்கா போறேன்?" என்று பாப்பா வழியெல்லாம் கேலி செய்தாள். அவளுடைய நல்ல புடவையில் ஊக்கு ஒன்று கோணலாகக் குத்தியிருந்தது.

பிசியோ அம்மா தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"மேடம்" என்றாள் கொக்கியக்கா. "அந்தச் சதுரமெல்லாம் பாப்பா போட்டது இல்ல. நான் போட்டது."

பாப்பா சிரித்தாள். "அண்ணி சும்மா சொல்றாங்க மேடம். அவங்க காய வச்சுத் தருவாங்க, அவ்ளோதான்."

"காய மட்டும் வைக்கல. பிரிச்சுட்டு மறுபடியும் போட்டேன். எல்லாத்தையும்."

பிசியோ அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து நூலையும் ஊசியையும் எடுத்துப் பாப்பா முன்னால் வைத்தார். "இப்ப போடுங்க."

பாப்பா போட்டாள். மூன்றாவது சுற்றில் ஊசி நழுவிக் கீழே விழுந்தது. கொக்கியக்கா குனியப் போனாள். பாப்பா, "விடுங்க" என்று சொல்லித் தானே எடுத்தாள். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் போயிற்று. கிண்ணமாகவும் இல்லாமல் தட்டாகவும் இல்லாமல் ஏதோ ஒன்று மேசையில் கிடந்தது. பிசியோ அம்மா அதை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"இன்னும் நாலு மாசம். தட்டைத் தொடக் கூடாது." பிறகு கொக்கியக்காவைப் பார்த்து, "நீங்க படிச்சவங்கதானே?" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் பாப்பா கம்பத்தில் சாய்ந்து நின்றாள். பேருந்து ஒன்று வந்தது, ஏறவில்லை.

"நாப்பதுல என்னோடது எத்தனை அண்ணி?"

"ஒண்ணும் இல்ல."

"அந்த முதல் மூணுகூடவா?"

"அதைத்தான் முதல்ல பிரிச்சேன்."

"நான் அதை எங்க பேக்கரி அக்காகிட்ட எல்லாம் காட்டினேன்" என்றாள் பாப்பா. குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "விரல் வீங்கிப்போய் ராத்திரி வெந்நீர்ல வைப்பேன். அதை எல்லாம் நீங்க எங்க உக்காந்து பிரிச்சீங்க?"

"ஆபீஸ்ல. சாப்பிடறப்ப."

பாப்பா தலையாட்டினாள், விலாசம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் போல.

போர்வையைக் கொக்கியக்கா முடித்தாள்; பாதியில் விட மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை. கட்டிலில் போட்டால் மழையும் பனியும் முகத்தில் அடிப்பது போல் வெட்கமாக இருந்தது. வீட்டுக்காரர்தான் இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஆன ஒரே பின்னல். என்ன கதகதப்பு" என்று சிலாகித்தார். நடந்தது எல்லாம் அவருக்கும் தெரியும். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று சொல்வார்.

பாப்பா ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வாசலில் நின்றாள். "பஸ்ல கம்பியைப் பிடிக்க முடியல. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர்றீங்களா?" அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கவென்று கொக்கியக்கா மனத்துக்குள் அடுக்கிவைத்திருந்த வாக்கியங்களுக்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

பேருந்தில் பாப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கையிலிருந்த துணிப்பையை அண்ணியின் மடியில் வைத்தாள். உள்ளே அந்த வாரத்துச் சதுரங்கள். துணிக்கு மேலாகவே அவற்றின் மேடும் பள்ளமும் தட்டுப்பட்டன. பையின் வாயை ஊசி நூலால் தைத்து மூடியிருந்தாள்.

"தையலை எண்ணி வச்சிருக்கேன் அண்ணி" என்றாள் பாப்பா, வெளியே பார்த்தபடி.

கொக்கியக்கா தலையாட்டினாள். அவளும் எண்ணிவிட்டிருந்தாள். பதினொன்று. நான்காவது தையல் தளர்ந்து கிடந்தது. கைகளை மடியிலிருந்து எடுத்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.