பருத்தித்துறையில் ஒரு நாள்: கலங்கரை விளக்கம், மணற்குன்று, அண்ணை

இத்தாலியில், பலெர்மோத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் உணவகத்தில் சமைக்கிறேன். அந்த ஊரைப் பற்றி இங்கே நிறைய எழுதியிருக்கிறேன். போன மார்கழியில் வதிவிட அனுமதி கிடைத்ததும், பதினான்கு வருடத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்தேன். ஒன்பது நாள் விடுமுறை. எட்டாவது நாள்தான் பருத்தித்துறைக்குப் போனேன்.

பிந்தியதற்குக் காரணம் உண்டு. என் அண்ணை அங்கே கலியாணம் முடித்து, படகு எஞ்சின் திருத்துகிறார். ஐந்து வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது என்னிடம் வதிவிடப் பத்திரம் இல்லை, வர முடியவில்லை. எங்கள் வழக்கப்படி தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன். அதையும் அண்ணைதான் செய்தார். அதற்குப் பிறகு நாங்கள் கதைத்ததில்லை.

யாழ். நகர நிலையத்திலிருந்து காலை 7.10க்கு பஸ். 34 கிலோமீற்றர், 160 ரூபாய். வல்லை வெளியில் இரண்டு பக்கமும் தண்ணீர், காற்று முகத்தில் அறைந்தது. படம் எடுக்கச் சிறந்த இடம் அதுதான். வலப்பக்க யன்னலில் இருங்கள். நான் படம் எடுக்கவில்லை, கைபேசியை எடுத்து எடுத்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8.25க்கு இறங்கினேன். பக்கத்தில் ஓடக்கரை என்ற இடத்தில் பெண்கள் வீட்டோடு சேர்த்து நடத்தும் சின்னக் கடைகளில் சுடச்சுடத் தோசை கிடைக்கும், சம்பல் நல்ல உறைப்பு. இரண்டு தோசையை நின்றபடியே விழுங்கினேன். பருத்தித்துறை வடை ஒரு பை வாங்கினேன். தட்டையாக, பெருஞ்சீரகம் மணக்க, கடித்தால் நொறுங்கும். எங்கள் உணவகத்தில் இதை வைத்தால் வைனோடு பறந்துவிடும்.

கலங்கரை விளக்கத்துக்கு நடந்தே போகலாம். உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று பார்க்கலாம். நான் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. உடனே ஒரு ஓட்டோ பிடித்து, வல்லிபுரக் கோயிலுக்கும் மணற்காட்டுக்கும் போய்வர 2,500 ரூபாய் பேசினேன். மணற்காட்டில் வெள்ளை மணல் குன்று குன்றாகக் கடல்வரை கிடக்கிறது. ஒன்றில் ஏறினேன், இறங்கினேன், அடுத்ததில் ஏறினேன். ஓட்டோக்காரருக்கு என் வயதிருக்கும். நான் திரும்பி வந்ததும் கேட்டார்.

“அண்ணை, உங்களுக்கு இடம் பாக்கிற மனமில்லை. ஆரைத் தேடி வந்தனீங்கள்?”

சொன்னேன். அவருக்கு அண்ணையைத் தெரிந்திருந்தது. படகுகள் நிற்கும் இன்பர்சிட்டிக் கரையில் கொண்டுபோய் விட்டார். அப்போது பதினொன்றேகால்.

அண்ணை ஓலைக் கொட்டிலுக்குள் ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டும் எழும்பவில்லை.

“வந்து எட்டு நாளாம்,” என்றார்.

“ஓம் அண்ணை. வரப் பயமாக் கிடந்தது.”

கையைச் சாக்கில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அவர் ஏசுவார் என்று நான் காத்திருந்தேன்.

“அம்மாவுக்கு நீ வைக்கவேண்டிய கொள்ளியை நான் வைச்சிட்டன். அது சரியோ பிழையோ எண்டு அஞ்சு வரியமாத் தெரியேல்லை. ஐயர் சரி எண்டவர். ஆனா உன்னிட்டையெல்லோ கேக்கவேணும். கேக்கிற பயத்திலைதான் நான் கோல் எடுக்கேல்லை.”

அவர் அழைக்காததை நான் இத்தனை வருடம் கோபம் என்று நினைத்திருந்தேன்.

“சரிதான் அண்ணை,” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, எஞ்சினின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: வெயிலுக்கு முன் போய்விடுங்கள், மணற்காட்டில் நிழல் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். வல்லிபுரக் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதும் கேட்டு வையுங்கள். அந்த ஊரில் நீங்கள் காணவேண்டிய ஆள் யாரும் இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

பின்னேரம் பருத்தித்துறையில் என்ன பார்க்கலாம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாலரை மணிவரை நாங்கள் இரண்டு பேரும் அந்த எஞ்சினைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தோம்.