ஏசி போடாத ஓட்டம்

உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை நிறுக்கும் எடை மேடையின் மேல், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எடிட்டர் சார் ஏறி நின்ற காலை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. நல்ல தாட்டியான உடம்பு. மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "சாரு இன்னா ரகம், பொன்னியா, குண்டு நெல்லா?" என்று ஒருவர் கேட்க, மண்டியே சிரித்தது. சாருக்குக் கோபம் வரவில்லை. தன் எடையைப் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டு, கூட வந்த கார்க்காரரையும் ஏறச் சொன்னார். சென்னையில் பெரிய பிசினஸ் செய்கிற மனிதர் அவர். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஏறினார். உள்ளே எத்தனை கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல், ஒரு கார் இத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது என்று சொல்வது பித்தலாட்டம் என்பது சாருடைய கட்சி.

நான் அப்போது கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். சார் ஒரு கார்ப் பத்திரிகையில் எடிட்டராக இருந்து, பத்திரிகை நின்றுபோன பிறகு சொந்தமாக யூடியூப் சேனல் தொடங்கியவர். பத்திரிகை போனாலும் எடிட்டர் என்ற பட்டம் போகவில்லை. பணக்காரர்களிடம் இரவல் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது நின்ற இடத்திலிருந்து சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்று அளந்து காட்டுவது அவர் வேலை. கம்பெனிக்காரன் வழவழப்பான டிராக்கில், காலி டேங்கில், ஒற்றை ஆளை வைத்து ஓட்டிவிட்டு நான்கு நொடி என்பான். "நம்ம ஊர்ல எவன்யா ஏசி இல்லாம, தனியா, அந்த மாதிரி ரோட்ல போறான்?" என்று சார் கேட்பார். ஆகவே அவருக்கு நான்கு சட்டங்கள் உண்டு. பாதி டேங்க் பெட்ரோல், உள்ளே இரண்டு பேர், ஏசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஒரு தரம் போய் ஒரு தரம் திரும்பி வந்து இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். ரோட்டுச் சரிவும் காற்றும் ஒரு பக்கம் உதவினால் மறுபக்கம் இழுக்கும் அல்லவா, அதற்காக.

ரோட்டைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். மானாம்பதி போகும் வழியில், எங்கள் ஊர் எல்லையில், ஏரிக்கரையை விட்டு இறங்கியதும் ஒரு கிலோமீட்டருக்கு வளைவே கிடையாது. பொதுச் சாலையில் இதையெல்லாம் செய்யக் கூடாது என்று எங்கள் இருவருக்கும் நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு யார் வரப்போகிறார்கள் என்று எங்களை நாங்களே சமாதானம் செய்துகொண்டோம். தப்பு செய்கிறவனுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்? மற்ற எல்லாவற்றிலும் சார் கறாரான ஆள். ஒருமுறை ஒரு கார்க்காரர், ஐந்து நொடிக்கு மேல் ஒரு துளி வந்ததை ஐந்து என்றே போட்டுவிடுங்கள், நண்பர்களிடம் தலைகாட்ட முடியாது என்று கெஞ்சினார். "ரோடு சொன்னதை நான் மாத்த முடியாது சார்" என்று சார் சொல்லிவிட்டார். அந்தக் கார்க்காரர் அதற்குப் பிறகு கார் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். சார் கவலைப்படவில்லை.

மாசி மாதத்தில் அந்த ரோட்டில் எங்களுக்கு ஒரு பங்காளி இருந்தாள். எனக்கு அக்கா முறை. எங்கள் தெருவுக்குப் பின்தெரு. குத்தகை நிலத்தில் உளுந்து போட்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் உளுந்தஞ்செடியைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதிக்க மிதிக்க நெற்று உடைந்து உளுந்து கொட்டும். ஒரு வண்டி போனதும் கோலை எடுத்துக்கொண்டு இறங்கி, செடியைப் புரட்டிப் போட்டுவிட்டு ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். வண்டி போவது, இறங்குவது, புரட்டுவது என்று அது கைகால்களுக்கே பழகிய வேலை. எங்களுக்காக அக்கா செடியை ஓரத்தில் ஒதுக்கிக் குவித்துவைப்பாள். "உங்க காரு ஒசரமே இல்ல, வவுறு தரையில தேயுது, அத்த வச்சி உளுந்து மிதிக்கவும் முடியாது" என்று சாரையே கிண்டல் செய்வாள். நான் அவளிடமிருந்து பத்தடி தள்ளி, போனில் சாரோடு பேசியபடி நிற்பேன். சாரின் காதில் இயர்போன் இருக்கும். ஆளோ வண்டியோ மாடோ குறுக்கே இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நான் "கிளியர் சார்" என்றால்தான் அவர் கிளம்புவார். என் வேலை அந்த ஒரு சொல்தான்.

அன்றைக்குச் சிவப்புக் காருக்கும் மஞ்சள் காருக்கும் போட்டி. காருக்கு இரண்டு ஓட்டம், மொத்தம் நான்கு என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். சிவப்பு போய் வந்தது. மஞ்சள் போய் வந்தது. நான்காவதும் கடந்ததும் அக்கா கோலை எடுத்தாள். அப்போது சார் போனில் சொன்னார்: "கடைசி ஓட்டத்துல ஏசி போடல. கவனிக்கல. அது கணக்குல சேராது, இன்னொரு தரம் எடுக்கறேன்." வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஏசி ஓடியதா இல்லையா என்று வீடியோவில் யாருக்குத் தெரியப்போகிறது? சாருக்குத் தெரியும், அவ்வளவுதான். காரில் ஒட்டியிருந்த கருவி ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் என் போனுக்கு அனுப்பும். நான் மஞ்சள் கட்சி. சிவப்பை மஞ்சள் முந்திவிட்டதா என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். "கிளியரா?" என்று சார் கேட்டார். தலை நிமிராமலே "கிளியர் சார்" என்றேன்.

அக்கா ரோட்டின் நடுவில் நின்று செடியை இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத்தான் நான் நிமிர்ந்தேன். சார் பிரேக்கை மிதித்துவிட்டார். ஆனால் சக்கரத்துக்கு அடியில் தார் இல்லை, உளுந்து இருந்தது. கார் நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே வந்து அவளைத் தட்டியது. உயிர் பிழைத்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. சார் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சட்டையெல்லாம் ரத்தமும் உளுந்துச் சருகுமாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் சார் நிதானமாகப் பேசினார். "இவர் கிளியர்னு சொல்லல சார். சொல்றதுக்கு முன்னாடி நான் அவசரப்பட்டு எடுத்துட்டேன். தப்பு முழுக்க என்னுது." நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு துளி நொடியைக் கூட மாற்றி எழுதாத மனிதர், என் கண்ணெதிரே வாய்கூசாமல் பொய் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை, நிம்மதி. எழுதவே வெட்கமாக இருக்கிறது. அப்பாடா என்று இருந்தது.

வழக்கு நடந்தது. தண்டனை எல்லாம் அவர் பேரில்தான். சேனலை மூடினார். இரண்டு மூன்று முறை எனக்குப் போன் செய்தார். நான் எடுக்கவில்லை, பிறகு அவரும் விட்டுவிட்டார். அக்காவின் தெரு என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பால் வாங்கப் போவதென்றால்கூடக் குளத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினேன். அவள் கல்யாணம், சாவு என்று எங்கேயாவது வந்திருப்பாள் என்று தெரிந்தால் நான் போகமாட்டேன். இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. கல்யாண வீடியோவில் எல்லாரையும் சிரிக்கச் சொல்லிக்கொண்டு காலம் தள்ளினேன்.

போன மாதம் சாருடைய மனைவி போன் செய்தார். தூக்கத்திலேயே போய்விட்டாராம், காரியமெல்லாம் முடிந்துவிட்டதாம். "உங்க ஊர் அம்மாவுக்கு மட்டும் தகவல் சொல்லிடுங்க. மாசாமாசம் வர்றவர், வரலியேன்னு பாத்துட்டு இருப்பாங்க" என்றார். மாசாமாசம் வருகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் வீட்டைத் தாண்டித்தான் அவர் போயிருக்க வேண்டும். ஒரு தடவையும் என் கதவைத் தட்டவில்லை.

அக்கா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல். நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நின்றது. "அதான் காணமா? ரெண்டு ஞாயித்துக்கெயம பாத்துக்கினு கீறேன்" என்றாள். கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டாள். "பஸ்ல வருவாரு. காரு ஓட்றதயே வுட்டுட்டாரு. இன்னா பேசுவோம்ன்ற? ஒண்ணும் பேச மாட்டாரு. டீ குடிப்பாரு, மருந்து சீட்ட வாங்கிப் பாப்பாரு, பூடுவாரு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அக்கா, அன்னிக்கு கிளியர்னு சொன்னது நான்தான்கா. அவரு மேல தப்பே இல்ல" என்றேன். சொல்லிவிட்டு அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவள் கீரைக் காம்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்கினாள். "தெர்யும்டா. நீ போனப் பாத்துக்கினே வாயத் தொறந்தியே, பாத்தேன். நீ நிக்கிறியே, வண்டி வந்தா சொல்லுவியேன்னுதான் நான் எறங்கினதே" என்றாள். "அவரு டேசன்ல நான்தான்னு சொல்லிட்டாரு. செரி, இவன் வூட்டாண்ட வந்து சொல்லுவான்னு இருந்தேன். நீ கொளத்த சுத்திக்கினு போற."

அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு, கோலை ஊன்றி எழுந்தாள். நான் தாங்கப் போனேன். வேண்டாம் என்று கையை விலக்கினாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"அவரு உயிரோட இருக்கசொல்லோ வந்து சொல்லியிருக்கலாம்டா. அந்தாளு வண்டியாவது ஓட்டியிருப்பாரு."