மூன்று கணினிக்கு ஓர் இலக்கம்

மேசைக்கு அடியில் குப்புறக் கிடந்து வயர்களைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அது பிடிபட்டது. மேலே அக்கா, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளைத் திறந்தார். திறந்த அதே கணத்தில், என் மூக்குக்கு முன்னால் தூசி படிந்து கிடந்த நெட்வேர்க் பெட்டியின் மூன்று பச்சை விளக்குகளும் ஒன்றாகச் சிமிட்டின. அக்காவின் கணினிக்குரிய விளக்கு மட்டும் சிமிட்டியிருந்தால் கவனித்திருக்க மாட்டேன். மற்ற இரண்டு கணினிகளிலும் அப்போது யாரும் வேலை செய்யவில்லை. அவற்றின் விளக்குகள் ஏன் துடிக்க வேண்டும்?

மூடிவிட்டுத் திரும்பத் திறக்கச் சொன்னேன். மீண்டும் மூன்றும் சிமிட்டின. இன்டர்நெட்டுக்கான டெலிபோன் வயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு என் முழங்கைக்குக் கீழே கிடந்தது. ஆகவே இந்த மென்பொருள் வெளியுலகத்தோடு பேசவில்லை, பேச வழியும் இல்லை. இது பக்கத்து மேசைகளைக் கூப்பிடுகிறது.

அவசரமாக எழும்பியதில் தலை மேசையில் இடித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் அந்த அச்சகத்தில் ஒரு கிழமையாக நான் உளவாளி. அதற்கு முன்னால் இந்த வலி ஒன்றுமில்லை.

அச்சகம் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. கலியாணக் கார்ட், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டு அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். ஆனால் அந்த வருடங்களில் அதிகம் வந்தவை செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலர்கள். பக்கங்களை வடிவமைத்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் அக்கா. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பின்னேரத்தில் பம்பலப்பிட்டியில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டு, பகலில் அங்கே தட்டச்சும் திருத்த வேலையும் செய்தேன். எதையும் புதிதாக்கிப் பார்க்காவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. அப்படித்தான் மூன்று கணினிகளிலும் விண்டோஸைப் புதுப்பித்தேன். அதோடு ஃபயர்வோல் என்ற காவலும் சேர்ந்து வந்தது.

அடுத்த நாளிலிருந்து அக்கா அந்த மென்பொருளைத் திறக்கும் போதெல்லாம் திரையில் ஒரு பெட்டி எழும்பியது. இதன் சில செயல்களைத் தடுத்து வைத்திருக்கிறேன், தொடர்ந்து தடுக்கவா, விடவா, பிறகு கேட்கவா என்று. தடு என்று சொல்லவும் பயம், விடு என்று சொல்லவும் பயம். அக்கா ஒவ்வொரு தடவையும் ‘பிறகு கேள்’ என்பதையே அழுத்தினார். அது சொன்ன சொல் தவறாமல் பிறகு கேட்டது. “றோட்டில மறிச்சு நிக்கிற ஆமிக்காரங்களவிட இது கூடக் கேள்வி கேக்குது, தம்பி” என்றார்.

இப்படியிருக்க, பக்கத்துப் பொலிஸ் நிலையத்து அதிகாரி ஒருவர் மகளின் கலியாணக் கார்ட்டுக்கு வந்தார். முதலாளி அவரை அக்காவுக்குப் பின்னால் கதிரை போட்டு இருத்தினார். பெட்டி எழும்பியது.

“மே மொகத்த?” என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். இது என்ன என்று சும்மாதான் கேட்டார். முதலாளி சிரித்துக்கொண்டு வைரஸ், சேர், என்றார். அந்த ஊரில், அந்த நேரத்தில், ஒரு பொலிஸ்காரருக்குச் சொல்லக்கூடாத விடை ஒன்று இருந்தால் அதுதான். அதிகாரி திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மெயா கொஹெத, இவர் எந்த இடம் என்று கேட்டார். முதலாளி யாழ்ப்பாணம் என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

முதலாளி சொல்லாமல் விட்டது இரண்டு சொல். அதற்கு முந்தின பொலிஸ் சுற்றிவளைப்பில், நான் தங்கியிருந்த அறைகளிலிருந்து பெடியங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். விடிந்ததும் முதலாளி கட்டியிருந்த சாரத்தோடு பொலிஸுக்கு வந்து, என்னைக் காட்டி, “அபே கொல்லா” என்றார். எங்கள் பெடியன். அவ்வளவுதான், விட்டுவிட்டார்கள். சொல்வதற்கு ஆள் இல்லாதவர்கள் உள்ளேயே இருந்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போவதென்றால் சண்டையால் பாதை பூட்டு. கொழும்பில் என்னை எங்கள் பெடியன் என்று சொல்ல இந்த ஒரு மனிதர்தான், அவர் இப்போது வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி போனதும் முதலாளியின் மச்சான் தொடங்கினார். கணக்குப் பார்ப்பது அவருடைய வேலை. கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவருடைய பெருமை. நான் கை வைத்த பிறகுதான் இது வந்தது, ஆகவே நான்தான் எதையோ உள்ளே போட்டிருக்கிறேன், அது இங்கே நடக்கிறதை எங்கேயோ அனுப்புகிறது என்றார். சொல்லிக்கொண்டே டெலிபோன் வயரைப் பிடுங்கி எறிந்தார். முதலாளி அவரை மறுக்கவில்லை. எங்களுக்கு ஒரு கட்டளை மட்டும் போட்டார்.

“அது என்ன கேட்டாலும் ஓமெண்டு அமத்துங்கோ. இல்லையெண்டு சொல்ல நாங்கள் ஆர்?”

மூன்றிலும் ஓமென்று, அதாவது ‘விடு’ என்பதை, அழுத்தினோம். பெட்டி வரவில்லை. பதிலாக அதைவிடக் கேடானது வந்தது. அக்கா ஒரு நினைவு மலரின் பாதியில் இருந்தார். நான் என் கணினியில் அதே மென்பொருளைத் திறந்தேன். அவருடைய திரையில் பிழை இலக்கம் ஒன்று மின்னியது, பக்கங்கள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு மென்பொருள் மூடிக்கொண்டது. செத்தவரின் மகன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்ப வெளியில இருந்து ஆட்டுறாங்கள் என்று மச்சான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அதிகாரி கார்ட்டின் மாதிரியைப் பார்க்கத் திரும்பி வரும் நாளுக்குள் நான் இதைத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று முதலாளி முடித்துவிட்டார்.

இந்த நிலையில்தான் மேசைக்கு அடியில் போனேன், பச்சை விளக்குகளைக் கண்டேன்.

அன்று மச்சான் சாப்பிடப் போயிருந்த நேரம் முழுவதும் நானும் அக்காவும் சோதித்தோம். நெட்வேர்க் வயர்களைக் கழற்றினால் மென்பொருள் மூன்று கணினிகளிலும் சண்டையில்லாமல் ஒன்றாக ஓடியது. வயரைச் செருகினால் ஒன்று திறக்க மற்றது விழுந்தது. வயரைச் செருகியபடியே விட்டுவிட்டு ஃபயர்வோலில் மூன்றையும் மறித்தால் மறுபடியும் மூன்றும் ஓடின. பிறகு ஒவ்வொன்றிலும் பதிவு இலக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் ஒன்று. இலண்டனிலிருந்து உறவுக்காரர் ஒருவர் ஒரு கணினிக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கி அனுப்பிய ஒரே சீடியை மூன்று கணினிகளிலும் ஏற்றியவர் மச்சான்தான் என்று அக்கா சொன்னார்.

எனக்கு எல்லாம் வெளித்தது. இந்த மென்பொருள் எழும்பியதும் முதலில் தன் லைசன்ஸைப் பார்க்கிறது. என் இலக்கத்தோடு இங்கே வேறு யாராவது இருக்கிறீர்களா என்று நெட்வேர்க் முழுவதும் கூப்பிடுகிறது. மற்றவர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே, அதற்காகத் தானும் ஒரு காதைத் திறந்து வைக்கிறது. ஃபயர்வோலுக்குத் தெரிவது அந்தக் காது மட்டும்தான். அது லைசன்ஸுக்கான காதா, களவுக்கான காதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே, இதை உனக்குத் தெரியுமா என்று வீட்டுக்காரரைக் கேட்கிறது. விடை கிடைக்கும் வரைக்கும் காதை அடைத்து வைக்கிறது. கூப்பிடுவதை அது தடுக்கவில்லை. ஆனால் எல்லாக் காதும் அடைபட்டிருந்தபடியால் யாரும் மறுமொழி சொல்லவில்லை, ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு வேலை செய்தது. ஓமென்று அழுத்தி நாங்கள் காதுகளைத் திறந்துவிட்டோம். ஒன்றையொன்று கண்டுபிடித்துவிட்டன.

மச்சான் திரும்பி வந்ததும் அவருக்கும் முதலாளிக்கும் முன்னால் செய்து காட்டினேன். வயரைச் செருகினேன், கழற்றினேன். முதலாளி விளங்காதவர் இல்லை. இரண்டாம் தடவையிலேயே அவருடைய முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாதிரி மாறவில்லை.

“அப்ப நாங்கள் கள்ளர் எண்டு சொல்லுறீர்?” என்றார் மச்சான்.

“நான் சொல்லேல்லை. சொஃப்ட்வெயர் சொல்லுது.”

“வந்து ஏறினவருக்கு வாய் மட்டும் குறைவில்லை.”

முதலாளி கையை உயர்த்தி இரண்டு பேரையும் நிறுத்தினார். மூன்றிலும் மறித்துவிட்டு இனி இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்றார், அதிகாரிக்கு முன்னால் வாயே திறக்க வேண்டாம் என்றார். வெளியிலிருந்து யாரும் ஆட்டவில்லை, நான் எதையும் போடவில்லை என்பது அவருக்கு இப்போது தெரியும். அதை வாயால் சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அவர் திரும்பி வந்து என்னைப் பற்றிக் கேட்டா என்ன சொல்லுவீங்கள்?” என்று கேட்டேன்.

“பாப்பம்.”

“எதைப் பாக்கிறது, ஐயா?”

“தம்பி, நீர் கெட்டிக்காரன். கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சிரும். இப்ப காலம் சரியில்லை.”

அதற்குப் பிறகு அவருக்கு டெலிபோன் வந்தது. மச்சான் கணக்கு மேசையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். நான் குற்றவாளியாக இருந்திருந்தால் அவருக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

மறித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். மூன்று கணினிகளும் ஓடியிருக்கும், பெட்டியும் எழும்பியிராது. ஆனால் அதிகாரியின் மனதில் வைரஸ் என்ற சொல்லும் யாழ்ப்பாணம் என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டேயிருக்கும். அடுத்த சுற்றிவளைப்பில் முதலாளி பாப்பம் என்று வீட்டில் இருந்துவிடுவார். அவர் பயந்ததும் எனக்கு விளங்கியது. மூன்று கணினியில் ஓர் இலக்கம் ஓடும்வரை நான் எதைச் சொன்னாலும் அது அவரைக் காட்டிக்கொடுப்பதாகவே முடியும்.

பஸ்ஸுக்குப் போகும்போது அக்காவுக்கு என் எண்ணத்தைச் சொன்னேன். அவர் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, அச்சகக் கதவுத் திறப்பு என்னட்டத்தான் இருக்கு, நாளைக்கு விடிய வெள்ளென வா, என்றார்.

என் எண்ணம் இதுதான்: மச்சான் வருவதற்கு முதல் இரண்டு கணினிகளிலிருந்து அந்த மென்பொருளை அடியோடு எடுத்துவிடுவது. அக்காவின் கணினியில் மட்டும் வைத்து, அங்கே ஓமென்று அழுத்துவது. மற்ற இரண்டிலும் தட்டச்சும் படத் திருத்தமும் செய்துகொள்ளலாம். பக்கம் போடுவதென்றால் முறை வைத்து அக்காவின் மேசைக்குப் போகலாம், வேலை சுணங்கினால் சுணங்கட்டும். அதிகாரி வந்து கதிரையில் இருந்ததும் நானே முன்னுக்குப் போய், அவருடைய கண்ணுக்கு முன்னால் அதைத் திறந்து, இது யாரைக் கூப்பிடுகிறது, ஏன் கூப்பிடுகிறது என்று சிங்களத்தில் சொல்வது. முதலாளி அப்போது பக்கத்தில் நிற்பார். அவரும் ஏதாவது சொல்லத்தான் வேண்டும். லைசன்ஸ் என்பதை அப்படியே சொன்னால் விளங்கும். காது என்பதற்கும் சொல் தெரியும். கேட்டுக்கொண்டிருப்பதற்கும் ஒட்டுக்கேட்பதற்கும் சிங்களத்தில் எப்படி வித்தியாசம் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை. அதைக் காலையில், அச்சகம் திறக்க முதல், முன்வீட்டுச் சிங்களப் பாண் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.