சிரிப்பு என்று ஒரு பெயர்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை. நாற்பது வயதைத் தாண்டி வயிறு தெரிய ஆரம்பித்தபோது, சேலைக்கு மேல் போடும் கோட்டை ஓர் அளவு பெரிதாகக் கேட்டு வாங்கி மறைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி, ஜெபக்கூட்டம் என்று அலைந்து ஓய்ந்து, இனி இல்லை என்று விட்ட பிறகு உண்டான பிள்ளை. சந்தோஷத்தைவிடக் கூச்சம்தான் அதிகம்.

மகன் பிறந்ததும் போதகர், "ஈசாக்குன்னு வைங்கம்மா. எபிரேயத்துல சிரிப்புன்னு அர்த்தம்" என்றார். தொண்ணூறு வயதில் பிள்ளை பிறக்கும் என்று கேட்டுக் கூடாரத்துக்குள் நின்று சிரித்தாளே சாராள், அவளுடைய மகனின் பெயர். எனக்கும் ஆசைதான். ஆனால் ஏற்கெனவே ஊர் சிரிக்கிறது. பெயரும் அப்படியே இருந்தால்? என் கணவரோ, "பெத்தவ நீ. ஞாயித்துக்கெழம ஞானஸ்நானத்துல நீயே சொல்லு" என்று என் தலையில் போட்டுவிட்டார்.

அந்த வாரம்தான் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். சேரப்பணஞ்சேரியில் கம்பெனி வேனில் ஏறியதும், கூட வேலை செய்யும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைக்கு இன்னா பேருடி?"

"ஈசாக்குன்னு... யோசிச்சிகினு கீறோம்க்கா."

"ஈயா, சாக்கா? ஒழுங்கா சொல்லுடி!"

"ஈ மொய்க்கிற சாக்கு போல!" என்றாள் பின் சீட்டில் ஒருத்தி. வேனே சிரித்துக் குலுங்கியது. எனக்கு முகம் எரிந்தது. வேறு பெயர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என் பேரும் அதான்" என்றார் டிரைவர்.

எங்களுக்கு அவர் டிரைவர் அண்ணன்தான். பெயரை யாரும் கேட்டதில்லை. அவர் சிரித்தும் யாரும் பார்த்ததில்லை.

"அர்த்தம் இன்னாண்ணே?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? எங்கப்பா வெச்சாரு."

நான் பேசினால் பக்கத்து சீட்டுக்கே கேட்காது. அன்று எப்படியோ வேன் முழுக்கக் கேட்டது.

"சிரிப்புண்ணே!"

"இவருக்கா?" என்று அக்கா தொடையில் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். டிரைவர் அண்ணனின் தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வண்டியை ஓரமாக நிறுத்தினார். "இத்தினி வருசமா தெரியாம பூட்ச்சே!" யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்றே தெரியவில்லை. நானும் வாயைப் பொத்தாமல் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். சொன்னேன். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர்களுக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.